கோடைக்கு வருகிறவர்களின் வீடு

என் அக்காவும் அத்தானும் லண்டன்காரர். நாற்பது வருடத்துக்குக் கிட்ட அங்கேதான் இருக்கிறார்கள். அத்தான் கடை நடத்தினார், அக்கா கல்லாவில் நின்றாள், இரண்டு பிள்ளைகளையும் படிப்பித்துக் கலியாணமும் செய்து வைத்தார்கள். பிரிட்டிஷ் பாஸ்போர்ட், எந்நேரமும் தேத்தண்ணீர், மழையைப் பற்றிய முறைப்பாடு எல்லாம் உண்டு. ஆனால் வருடத்தில் ஐந்து மாதம் அவர்கள் ரொறொன்ரோக்காரர். மே மாத நடுவில் வந்து இறங்குவார்கள். அக்டோபரில் இலை கொட்டத் தொடங்கப் பெட்டியைக் கட்டுவார்கள். மில்லிக்கனில், ஸ்டீல்ஸ் வீதிக்குச் சற்றுத் தெற்கே, அவர்களுக்கு ஒரு வீடு இருக்கிறது. மேலே நான்கு படுக்கையறை, முன்னால் இரண்டு கார் நிற்கும் கராஜ், பின்னால் அத்தான் தானே பலகை அடித்த, திறந்த திண்ணைபோல் ஒரு டெக். கீழே, நிலத்துக்கு அடியில், ஒரு பேஸ்மென்ற். அந்தப் பேஸ்மென்றில் பன்னிரண்டு மாதமும் இருப்பவள் நான்.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா தொலைபேசியில் விஷயத்தை அவிழ்த்தாள். கடையை விற்றாகிவிட்டது, அத்தானுக்குப் பொழுது போகவில்லை, வெளிநாட்டில் எங்கேயாவது ஒரு வீடு வாங்கப் போகிறோம் என்றாள். அவர்களுடைய வெள்ளைக்கார அயலவர்கள் ஸ்பெயினில் ஒன்று வாங்கி வைத்திருக்கிறார்களாம், குளிருக்கு அங்கே போய்விடுவார்களாம். அதைப் பார்த்து அத்தானுக்கும் ஆசை பிடித்துவிட்டது.

"அப்ப ஊரிலை ஒண்டைக் கட்டுங்கோவன்" என்று நான் சும்மா சொன்னேன்.

"ஊரிலை கட்டினா ஆரடி பாக்கிறது? பூட்டிப்போட்டு வந்தா பாம்புதான் குடியிருக்கும். ஸ்பெயினிலை எங்களுக்கு ஆரைத் தெரியும்? கனடாவிலை எண்டா நீ இருக்கிறாய்தானே."

அந்த ஒரு வசனத்தில் என் மிச்ச வாழ்க்கை முடிவாகிவிட்டது. எனக்குத்தான் அது விளங்கவில்லை. உலகத்தில் எத்தனையோ இடம் இருக்க, என்னை நம்பி ஒரு வீடு வாங்குகிறார்கள் என்று பெருமையாகக்கூட இருந்தது. மடைச்சி.

அப்போது நான் மோர்னிங்சைட்டில் ஒரு அப்பார்ட்மென்றில் இருந்தேன். ஒன்பதாம் மாடி, ஒரு படுக்கையறை, பதினேழு வருடம். பாண் சுட்டு விற்கும் தொழிற்சாலையில் பொதி கட்டும் வேலை. வேலை முடிந்து வந்து கதவைப் பூட்டி, சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, ரேடியோவைச் சத்தமாகப் போட்டால் ஏன் என்று கேட்க ஒருவரும் இல்லை. நான் கலியாணம் செய்யவில்லை. எங்கள் குடும்பங்களில் கலியாணம் செய்யாத பெண் என்றால் எல்லாருக்கும் பொதுச் சொத்து. யாருக்குப் பிள்ளைப்பேறு என்றாலும், யாருக்கு ஒப்பரேஷன் என்றாலும், "அவளுக்கென்ன, தனிக்கட்டைதானே, வந்து நிப்பாள்" என்பார்கள். நானும் போய் நின்றிருக்கிறேன். விட்பியில் ஒரு மாதம், மொன்ட்ரியலில் இரண்டு மாதம் என்று நின்றுவிட்டு வந்து, கடைசியில் பூட்டிக்கொள்ள அந்தக் கதவு இருந்தது.

அதைத்தான் விட்டுக்கொடுத்தேன். "தனிய உந்தப் பெட்டிக்குள்ளை கிடந்து என்ன செய்யப்போறாய்? எங்கடை வீட்டிலை வந்து இரு. வாடகையும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்" என்றாள் அக்கா. கூடப்பிறந்தவள் கூப்பிடுகிறாள். அத்தானோ ஊரில் நடந்த சண்டைக்குள்ளிருந்து என்னை வெளியே எடுத்துவிட்டவர். அவர் இல்லாவிட்டால் நான் இன்றைக்கு எங்கேயோ, இருக்கிறேனோ இல்லையோ. எப்படி மாட்டேன் என்பது? ஒரு முதலாம் திகதி சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். ரொறொன்ரோவில் பழைய வாடகையில் இருந்த இடத்தை விட்டவர்கள் அந்த வாடகைக்கு இன்னொன்றைக் கனவிலும் எடுக்க முடியாது. அது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்துகொண்டேதான் கொடுத்தேன்.

வீடு கைக்கு வந்தது பெப்ரவரியில். குளிருக்குள் அவர்கள் வரமாட்டார்கள். ஆனால் லண்டன் சாத்திரியார் நல்ல நேரம் வைத்துக் கொடுத்துவிட்டார். ஆகவே பால் காய்ச்சியது நான். வெற்று வீடு. கைத்தொலைபேசியைத் தண்ணீர்க் குழாயில் சாய்த்து வைத்திருக்கிறேன், அந்தப் பக்கத்தில் அக்காவும் அத்தானும் கைகூப்பிக்கொண்டு நிற்கிறார்கள், இந்தப் பக்கத்தில் கண்ணாடி அடுப்பு சூடேற மாட்டேன் என்கிறது. நேரம் முடிய ஐந்து நிமிடம்தான் இருந்தது. "எடியே, இன்னும் பொங்கேல்லையோ? நேரம் போகுதடி" என்று அக்கா கத்தினாள். நான் தொலைபேசியைச் சாமிப் படத்தின் பக்கம் திருப்பிவிட்டு, அடுப்புக்கு மேலே பொருத்தியிருந்த மைக்ரோவேவில் பாலைக் கொதிக்க வைத்து, மெல்லப் பானைக்குள் ஊற்றி, தொலைபேசியைத் திருப்பினேன். பால் வடிவாகப் பொங்கி வழிந்தது. அக்கா அழுதுவிட்டாள்.

"நீதானே பால் காய்ச்சினனி, இனி உது உன்ரை வீடுதான்" என்றாள். மைக்ரோவேவ் விஷயத்தை நான் இன்றுவரை அவளுக்குச் சொல்லவில்லை.

ஆளில்லாத வீட்டுக்குக் குளிர்காலத்தில் எத்தனை வேலை என்று ஆளிருக்கும் வீட்டுக்காரருக்குத் தெரியாது. மேல்மாடியில் சூட்டைக் குறைத்து வைக்க வேண்டும், ஆனால் குழாய் உறையும் அளவுக்குக் குறைக்கக் கூடாது. இரண்டு நாளுக்கு ஒருமுறை மேலே போய் எல்லாக் குழாயையும் திறந்து மூட வேண்டும். இன்சூரன்ஸ்காரருக்கு வீட்டில் ஒரு ஆள் இருக்க வேண்டும். நகரசபைக்கும் இருக்க வேண்டும். இங்கே ஒரு வீடு அரை வருடத்துக்கு மேல் வெறுமையாகக் கிடந்தால் அதற்கென்று தனி வரி உண்டு. அதனால் வருடா வருடம், இந்த வீட்டில் இன்னார் வசிக்கிறார் என்று அறிவிக்க வேண்டும். அந்த இன்னார் நான்தான். தைப்பொங்கல் கழிந்த கையோடு அத்தான் தொலைபேசி எடுப்பார்: "பிள்ளை, உந்த வீட்டுப் பத்திரம் போட்டாச்சோ?" அந்த வீட்டின் வேறு எந்தக் காகிதத்திலும் என் பெயர் இல்லை.

பிறகு பூட்ஸ். பனி கொட்டி, முற்றத்தில் கால்தடம் இல்லாமல் கிடந்தால் வீடு வெறுமை என்று கள்ளனுக்குத் தெரிந்துவிடும் என்று அத்தான் எங்கேயோ வாசித்துவிட்டார். என் தடமோ சின்னத் தடம், பெண்ணொருத்தி தனிய இருக்கிறாள் என்று காட்டிக்கொடுத்துவிடும். எனவே ஒவ்வொரு பனிக்கும் நான் அத்தானின் பெரிய பூட்ஸைப் போட்டுக்கொண்டு கராஜிலிருந்து வாசல் மட்டும், வாசலிலிருந்து வீதி மட்டும் நடக்க வேண்டும். இரண்டு சோடி காலுறை போட்டாலும் அது கழன்று கழன்று வரும். பக்கத்து வீட்டுச் சீன மனிசி யன்னலால் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒருநாள் கைகாட்டினாள். நானும் ஒரு ஆம்பிளையின் தோரணையில் கையை உயர்த்திவிட்டு உள்ளே வந்து, தனியே நின்று சிரித்தேன். சிரித்து முடியக் கோபம் வந்தது. அறுபத்தைந்து வயதில், இல்லாத ஒரு மனிதனின் தடத்தைப் பதித்துக்கொண்டு திரிகிறேன்.

வாசல் மணியில் கமரா பொருத்தியிருந்தார்கள். அதை லண்டனில் இருந்து பார்க்கலாம். "பிள்ளை, நேற்றுப் பத்து மணிக்குப் போனனீர், மூண்டு மணிக்குத்தான் வந்தனீர். தூரமோ?" என்று அத்தான் கேட்பார். அவர் கெட்ட மனுஷன் இல்லை. பக்கவாட்டுக் கதவால் போய் வரத் தொடங்கினேன். "உந்தப் பக்கம் இருட்டு, பாதுகாப்பில்லை" என்று அடுத்த கோடையில் அங்கேயும் ஒரு கமரா வந்தது. ஒருமுறை தொழிற்சாலைச் சிநேகிதி ஒருத்தி ஃப்ளோரிடாவுக்கு ஒரு கிழமை போவோம் என்று கூப்பிட்டாள். அக்காவிடம் கேட்டேன். "போவன், ஆர் வேண்டாமெண்டது? ஆனா வீட்டை ஆர் பாக்கிறது?" என்றாள். சிநேகிதி வேறு ஆளோடு போனாள். ஆறு குளிர்காலம் நான் ஒரு இரவுகூட அந்த வீட்டுக்கு வெளியே தங்கவில்லை.

கோடை வேறு மாதிரி. வந்து இறங்கிய அன்றே அக்கா அலுமாரிகளைத் திறந்து பார்ப்பாள். போன வருடம் வைத்த இடத்தில் எல்லாம் இருக்க வேண்டும். கொண்டு வந்த லண்டன் தேயிலைப் பைகளை அடுக்குவாள்; கனடாத் தேயிலையில் சாயம் இல்லையாம். அத்தான் எல்லாவற்றுக்கும் லண்டன் விலை சொல்லுவார், லண்டன் பெயர் சொல்லுவார். கடையில் நின்று எலிவேட்டரை லிஃப்ற் என்று கேட்டு, தனக்கு வழிகாட்டத் தெரியாத, அங்கே வேலை செய்யும் பெடிச்சிக்கு ஆங்கிலம் தெரியாது என்று முடிவு கட்டுவார். பின்னேரங்களில் டெக்கில் கதிரை போட்டு உட்கார்ந்து, "உதுதானடி வாழ்க்கை" என்பார்கள். அவர்களைப் பார்க்க எனக்கு ஆசையாகவும் இருக்கும். முப்பது வருடம் விடியப்புறம் எழும்பிக் கடை திறந்த மனிதர்கள். அந்தக் கதிரையில் இருக்க அவர்களுக்கு உரிமை உண்டு.

ஆனால் அவர்கள் இருந்தால் வீடு நிறையும். லண்டன் பிள்ளைகள், பிள்ளைகளின் பிள்ளைகள், சிநேகிதர்கள் என்று ஆள்மாறி ஆள் வருவார்கள். மேலே அறை போதாவிட்டால் பேஸ்மென்றில் என் கட்டிலும் போய்விடும். உடுப்புத் தோய்க்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு காற்று மெத்தை. சமையல் என்னுடையது. "வீட்டிலை எண்டா நாங்கள் உப்பிடிச் செய்யிறேல்லை" என்று அக்கா அடிக்கடி சொல்லுவாள். அவள் வீடு என்று சொல்வது லண்டனை. லண்டனுக்குப் போனால், "எங்கடை கனடா வீடு" என்பாள். இரண்டும் அவளுக்கு வீடு. எனக்குச் சாவி மட்டும் இருந்தது.

அவர்களுக்குத் தெரியாத ஒன்று என்னிடம் இருந்தது. மோர்னிங்சைட்டில் இருந்த காலத்திலேயே, வருமானம் குறைந்தவர்களுக்கு அரசாங்கம் மலிவு வாடகையில் கொடுக்கும் வீட்டுப் பட்டியலில் பெயர் பதிந்து வைத்திருந்தேன். அந்தப் பட்டியல் பத்துப் பதினைந்து வருடம் ஊர்ந்து ஊர்ந்து வருகிற பட்டியல். வருடம் ஒருமுறை, இன்னும் வேண்டுமா என்று கேட்டுக் கடிதம் வரும். ஓம் என்று பதில் போட வேண்டும். மில்லிக்கனுக்கு வந்த பிறகும் அதை நான் ஒரு வருடமும் விடவில்லை. கடிதம் வரும் மாதத்தில் தபால்பெட்டிக்கு அக்காவுக்கு முந்திப் போவேன். களவெடுப்பதைப்போல் அதைச் சட்டைக்குள் ஒளித்துக்கொள்வேன். வேலையிலிருந்து நின்ற பிறகு எனக்கு வேறு வழி கிடையாது. வருகிற ஓய்வூதியத்தில் இந்த நகரத்தில் ஒரு அறைகூட எடுக்க முடியாது. எனக்கென்று ஒரு கதவு இனி வருமானால், அந்தப் பட்டியலிலிருந்து மட்டும்தான் வரும்.

போன ஜூலையில் ஒரு சனிக்கிழமை. அக்காவின் பள்ளிக்கூடச் சிநேகிதி ஒருத்தி விட்பியிலிருந்து மருமகளோடு வந்திருந்தாள். மருமகளுக்குத் தொலைபேசியில் மொழிபெயர்க்கிற வேலை. ஆஸ்பத்திரி, அரசாங்க அலுவலகம், எங்கே தமிழ் ஆள் போய் நின்றாலும் வீட்டில் இருந்தபடியே இரண்டு பக்கத்துக்கும் பேசிவிடுவாள்.

"அப்ப சனத்தின்ரை கதையெல்லாம் உனக்குத் தெரியும், என்ன?" என்று அக்கா கண்ணைச் சிமிட்டினாள்.

"வெளியிலை ஒண்டும் சொல்லக்கூடாது அன்ரி. சொன்னா வேலை போயிடும்."

நான் வடைத் தட்டோடு வந்தேன். அந்தச் சிநேகிதி என்னைப் பார்த்து, "நீர் இன்னும் இவையோடைதானோ இருக்கிறீர்?" என்று கேட்டாள். சும்மா கேட்டாளோ, குத்திக் கேட்டாளோ, தெரியாது. நான் வாய் திறக்க முன்னம் அக்கா என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் இருத்தினாள்.

"உவளை நாங்கள் ராணி மாதிரி வைச்சிருக்கிறம். முழு வீடும் உவளின்ரை கையிலைதான். நாங்கள்தான் விருந்தாளியள். கேட்டுப் பாருமன்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "ஓம் அக்கா, எனக்கென்ன குறை" என்று அந்தச் சிநேகிதிக்குச் சொன்னேன். என் உடுப்புகளில் வடைப் பொரியல் மணம். அன்றிரவு நான் படுக்கப் போவது காற்று மெத்தையில்.

நான்கு நாள் கழித்து, புதன்கிழமை பகல், பட்டியல் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. அக்காவும் அத்தானும் டெக்கில் இருந்தார்கள். நான் கீழே இறங்கி, பேஸ்மென்ற் படியில் உட்கார்ந்தேன். தமிழ் வேண்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்டாள் அந்த அலுவலர். என் ஆங்கிலம் பாண் கட்டப் போதும். இப்படியான விஷயத்துக்குப் போதாது. வேண்டும் என்றேன். கொஞ்ச நேரம் சங்கீதம் போனது. பிறகு ஒரு குரல், "வணக்கம், நான் உங்கள் தமிழ் மொழிபெயர்ப்பாளர்" என்றது. எனக்கு உடனே தெரிந்துவிட்டது. விட்பி மருமகள்.

அலுவலர் சொன்னதை அவள் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னாள். மோர்னிங்சைட் வீதியில் ஒரு கட்டடம். ஐந்தாம் மாடி. ஒரு ஆளுக்கான வீடு, சமையலறை தனி, யன்னல் தெற்குப் பக்கம். ஏற்றுக்கொண்டால் மாத முதலில் குடியேறலாம். வேண்டாம் என்றால் பட்டியலிலிருந்து பெயர் எடுபட்டுவிடும், விரும்பினால் புதிதாகப் பதியலாம். பிறகு கேட்டாள்: "நீங்கள் இப்ப இருக்கிற இடம் எப்பிடி? ஏன் மாற விரும்புறீங்கள்?"

அது அலுவலரின் கேள்வி. எல்லாருக்கும் கேட்கிற கேள்வி. ஆனால் எனக்கு அது சனிக்கிழமைப் பெண்ணின் வாயிலிருந்து வந்தது. பேஸ்மென்றில் இருக்கிறேன், ஆட்கள் வந்தால் கட்டிலும் இல்லை, ஆறு வருடமாக ஒரு இரவுகூட வெளியே தங்கவில்லை, மூச்சு முட்டுகிறது, எனக்கு ஒரு கதவு வேண்டும். இவ்வளவும் நெஞ்சில் வரிசையாக நின்றது. இதில் ஒன்றைச் சொன்னாலும் என் கூடப்பிறந்தவள் இவளுக்கு முன்னால் பொய்க்காரி. ராணி என்று சொல்லி நாலு நாள் ஆகவில்லை. இவள் வெளியே சொல்லமாட்டாள், சட்டம் அப்படி. ஆனால் இவளுக்குத் தெரியுமே. ஒரு கோயில் திருவிழாவில், ஒரு கலியாண மண்டபத்தில், இவள் என்னையும் அக்காவையும் ஒன்றாகப் பார்ப்பாளே.

"நான் சொந்த அக்காவின்ரை வீட்டிலை வசதியா இருக்கிறன்" என்றேன். "எனக்கு உது தேவையில்லை. கஷ்டப்பட்ட ஆருக்கும் குடுங்கோ."

அவள் அதை உடனே ஆங்கிலத்தில் சொல்லவில்லை. பிறகு குரல் தணிந்து வந்தது. "அன்ரி, வேண்டாமெண்டே சொல்லவோ? வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ."

அன்ரி என்றாள். அவளுக்கும் என்னைத் தெரிந்துவிட்டது. அந்தச் சொல்லோடு எனக்கு இருந்த கடைசி இடைவெளியும் மூடிக்கொண்டது.

"ஓம். வேண்டாமெண்டு சொல்லுங்கோ."

நான் சொன்னதை அவள் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னாள். அலுவலர் நன்றி சொன்னாள். பதின்மூன்று வருடம் காத்திருந்தது நாலு நிமிடத்தில் முடிந்தது. மேலே அக்கா, "எடியே, தேத்தண்ணி போட்டாச்சோ?" என்று கூப்பிட்டாள். போட்டுக் கொடுத்தேன். தேத்தண்ணீர் தட்டில் ஊற்றுண்டது. "வயசு போகுதடி உனக்கு" என்று சிரித்தாள் அக்கா. அவளுக்கு என்ன தெரியும் என்று இன்றைக்கு நிதானமாக எழுதுகிறேன். அன்றைக்கு அந்தக் கோப்பையைச் சுவரில் எறிய வேண்டும்போல் இருந்தது.

அவர்கள் அக்டோபரில் போனார்கள். நான் வழக்கம்போலக் குழாய்களைத் திறந்து மூடினேன். முதல் பனி விழுந்ததும் பூட்ஸைப் போட்டேன். அந்தக் குளிர்காலம் வேறு எந்தக் குளிர்காலத்தையும்விட நீளமாக இருந்தது. முன்பெல்லாம் பட்டியல் என்று ஒன்று மனதின் ஒரு மூலையில் இருக்கும். சினம் வரும்போது அதைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். இப்போது தொட ஒன்றுமில்லை. மோர்னிங்சைட் பக்கம் பஸ்ஸில் போக நேர்ந்தால் அந்தக் கட்டடத்தின் பக்கம் பார்க்கமாட்டேன். ஒருநாள் பார்த்துவிட்டேன். ஐந்தாம் மாடியில் ஒரு யன்னலுக்கு யாரோ கோலம் போட்ட துணியைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். எந்த வீடு என்று எனக்குத் தெரியாது. இருந்தாலும் அது என்னுடையது என்றே தோன்றியது. தரிப்பிடம் தாண்டும்வரை அழுதேன்.

ஜனவரி கடைசியில் ஒரு ஞாயிறு காலை அக்கா வீடியோவில் வந்தாள். முகம் சரியில்லை. அத்தானுக்கு மார்கழியில் நெஞ்சில் ஒரு சின்னக் கருவி வைத்திருந்தார்கள், அது எனக்குத் தெரியும். தெரியாதது மிச்சம்.

"அத்தானுக்கு இனிக் கனடாவுக்கு வர இன்சூரன்ஸ் குடுக்கமாட்டாங்களாம். குடுக்கிறவங்களும் நெஞ்சை விட்டுட்டு மிச்சத்துக்குத்தான் குடுப்பாங்களாம். உங்கை வந்து ஒண்டு நடந்தா ஆஸ்பத்திரிக்கு ஆர் குடுக்கிறது? பிள்ளையள் ஒரேயடியா வேண்டாமெண்டிட்டுதுகள்." மூக்கைத் துடைத்தாள். "வீட்டை விக்கப் போறமடி. கோடைக்கு முந்தி."

நான் கதிரையை இழுத்து உட்கார்ந்தேன்.

"உனக்கு உங்கை எல்லாம் தெரியும்தானே. ஒரு சின்ன இடமாப் பாரன். தனி ஆள்தானே, எங்கையும் சமாளிப்பாய்."

ஆறு வருடமாக அடக்கி வைத்திருந்தது அப்போது வாயில் வந்தது. "அக்கா, போன ஜூலையிலை எனக்கு ஒரு இடம் வந்தது. முதியோர் வீடு, மோர்னிங்சைட்டிலை. வேண்டாமெண்டு சொல்லிப்போட்டன்."

"ஏன் வேண்டாமெண்டனீ?"

"உங்களுக்காகத்தான். உங்கடை வீட்டை ஆர் பாக்கிறது எண்டு. உங்கடை மானத்துக்காகவும்."

அக்கா திரையில் என்னை முழித்துப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் வந்தது, எனக்கு வர வேண்டிய கோபம். "ஆரடி உன்னைக் கேட்டது? எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, நான் போ எண்டுதானே சொல்லியிருப்பன். நானென்ன உன்னைக் கட்டியோ வைச்சிருந்தனான்?"

அது உண்மையோ, வீட்டை விற்க முடிவெடுத்த பிறகு வந்த தாராளமோ, எனக்கு இன்றைக்கும் தெரியாது. இரண்டில் எது என்றாலும் எனக்குத் தாங்காது. பொய் என்றால் என் அக்கா அப்படிப்பட்டவள். உண்மை என்றால், ஆறு வருடமும் கதவு சாத்தியிருந்ததே தவிரப் பூட்டியிருக்கவில்லை, நான்தான் கைவைத்துத் தள்ளிப் பார்க்கவில்லை. அத்தான் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "பிள்ளை, மன்னிச்சுக்கொள்ளும்" என்றார். மெலிந்திருந்தார். உடம்பைப் பாருங்கோ அத்தான் என்று மட்டும் சொன்னேன்.

மார்ச்சில் முற்றத்தில் விற்பனைப் பலகை நட்டார்கள். வீடு பார்க்க ஆட்கள் வரும் நேரங்களில் நான் வெளியே போய்விட வேண்டும் என்றார் முகவர். என் கட்டிலும் சாமிப் படமும் பேஸ்மென்றைச் சின்னதாகக் காட்டுகின்றனவாம், ஒதுக்கி வைக்கச் சொன்னார். கறி காய்ச்ச வேண்டாம், மணம் நிற்கும் என்றார். ஆறு வருடமாக இந்த வீட்டில் ஒருத்தி இருக்கிறாள் என்று காட்டுவதுதான் என் வேலை. இப்போது ஒருத்தியும் இல்லை என்று காட்ட வேண்டியிருந்தது. மூன்றாம் கிழமை ஒரு குடும்பம் வாங்கிவிட்டது. மே முதலாம் திகதி சாவி கொடுக்க வேண்டும்.

வீடு விலைப்பட்ட அன்று பின்னேரம் பிளாசாவில் ஒரு கோப்பிக் கடையில் இருந்து பட்டியல் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். தமிழ் வேண்டுமா என்று கேட்டார்கள். ஓம் என்றேன். விட்பி மருமகள் வந்தாலும் வரட்டும், அன்ரி என்றாலும் சொல்லட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். வந்தது ஒரு ஆண் குரல், வயதான குரல், யாரென்று தெரியாது.

இப்போது இருக்கிற இடத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்.

"எனக்கு வீடு இல்லை" என்றேன்.

"சொந்தமா வீடு இல்லை எண்டு சொல்லுறீங்களோ அம்மா?"

"இல்லை ஐயா. வீடே இல்லை. அப்பிடியே சொல்லுங்கோ."

அவர் ஆங்கிலத்தில் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். சின்ன வசனம்தான். பக்கத்து மேசையில் இரண்டு தமிழ் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டேன். புதிதாகப் பதிந்தால் பட்டியலின் கடைசியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று பதில் வந்தது. தெரியும், பதியுங்கோ என்றேன். பெயர், பிறந்த திகதி எல்லாம் கேட்டார்கள். கடிதம் போட விலாசம் கேட்டார்கள். மில்லிக்கன் விலாசத்தைச் சொன்னேன். எவ்வளவு காலம் அந்த விலாசத்தில் இருப்பீர்கள் என்று கேட்டார்கள்.

"ஏப்ரல் முடியுமட்டும்."

அலுவலர் ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அதுக்குப் பிறகு எங்கை இருப்பீங்கள் எண்டு கேக்கினம் அம்மா."

"அதைத்தான் ஐயா, நானும் அவையளைக் கேக்கிறன்."